மடித்துக் கொண்டுவந்த பதினொரு நோட்டுகள்

பால் பாக்கெட்டின் மூலை சூடான அடுப்பில் பட்டுவிட்டால் ஒரு நாற்றம் வருமே, அந்த நாற்றம். மத்தியானம் மூன்று மணி இருக்கும். புனேயில் எங்கள் சாங்வி மார்க்கெட்டில் வெந்தயக்கீரை வாங்கிக்கொண்டு, மூன்று மாடி ஏறி வந்து கதவைத் திறந்ததும் அதுதான் முதலில் வந்து மூக்கில் மோதியது.

கோமதி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நாலாக மடித்த பழைய போர்வை. அதன்மேல் என்னுடைய எட்டு முழ வேட்டி ஈரமாக விரிந்து கிடந்தது. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்திருந்தாள், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேட்டியின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்புல என்னத்தை வச்சே?" என்று கேட்டேன்.

கையில் கீரைக்கட்டோடு குனிந்து பார்த்தேன். வேட்டிக்கு அடியில் எங்கள் மகள் நிவேதா கொண்டுவந்து கொடுத்த வெளிநாட்டுப் பிளாஸ்டிக் பணநோட்டுகள் பதினொன்றும் வரிசையாகக் கிடந்தன. என் மனைவி அவற்றை இஸ்திரி போட்டிருந்தாள்.

இதைப் படித்துவிட்டு அவளைப் பைத்தியக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதனால் கொஞ்சம் பின்னால் போய்வருகிறேன்.

குறை காணும் கண்

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு, நான் புனேயில் ஒரு வங்கியில் முப்பத்து மூன்று வருஷம் காசாளராக இருந்தவன் என்பது அலுத்துப்போகிற அளவுக்குத் தெரியும். புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். காசாளனுக்கு ஒரு நோட்டில் முதலில் தெரிவது அதன் குறைதான். கிழிசலா, அழுக்கா, பேனாக் கிறுக்கலா, ஒட்டுப்போட்டதா என்று பார்த்து, திரும்ப வெளியே விடலாமா வேண்டாமா என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். நன்றாக இருக்கிற நோட்டை ரசிக்கச் சொல்லி எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

அந்தக் கண்ணை வீட்டுக்கு வரும்போது கழற்றி வைக்க எனக்குத் தெரியாமல் போயிற்று. சாம்பாரில் உப்பு, மகளின் கையெழுத்து, கீழ்வீட்டுக்காரர் வண்டி நிறுத்துகிற லட்சணம், எல்லாவற்றிலும் குறைதான் முதலில் படும். சாம்பார் நன்றாக இருக்கிற நாளில் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். அதுதான் பாராட்டு என்று கோமதி புரிந்துகொள்ள வேண்டும். முப்பத்தைந்து வருஷமாகப் புரிந்துகொண்டிருக்கிறாள், பாவம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. புனேத் தமிழர் வீட்டுக் கல்யாணம் என்றால் மொய்க்கவரில் மொடமொடவென்று நோட்டு இருக்க வேண்டும் என்பது எனக்கு ஒரு கௌரவப் பிரச்சினை. வங்கிக்காரன் வீட்டுக் கவரில் கசங்கிய நோட்டு இருந்தால் சிரிக்கமாட்டார்களா? புது நோட்டு கிடைக்காத நாட்களில், பழைய நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஈர வேட்டிக்கு அடியில் வைத்து இஸ்திரி போடுவோம். கைக்குட்டைகளைப் பரப்புவது போல ஒரே வரிசையாகப் பரப்பி, மேலே ஈரத்துணி போட்டு நிதானமாக ஓர் இழுப்பு. மடிப்பெல்லாம் ஓடிப்போகும்.

கோமதிக்கு அதைக் கற்றுக்கொடுத்தவன் நான்.

பிளாஸ்டிக் பித்து

ஓய்வு பெறுவதற்குப் பல வருஷம் முன்பு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் ஐந்து டாலர் நோட்டு ஒன்றை என் கவுண்டரில் வைத்தார். எங்கள் கிளையில் மாற்றித் தர வழியில்லை என்றேன். ஆனால் நோட்டைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. தண்ணீரில் ஊறாது, கிழித்தால் கிழியாது, ஓரத்தில் கண்ணாடி போல ஒரு ஜன்னல். அதன் வழியாக என் விரல் தெரிந்தது. ஆயுள் முழுக்க எச்சில் பட்ட நோட்டை எண்ணியவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? என் பையிலிருந்து காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

பித்து அப்படித்தான் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாணயக் கண்காட்சி எங்கே நடந்தாலும் போய் நிற்பேன். வியட்நாம், மெக்சிகோ, கனடா, பப்புவா நியூகினி என்று இருநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஆல்பம் ஒரு பக்கம், அதற்கு ஒரு பதிவேடு இன்னொரு பக்கம். நாடு, எண், வாங்கிய விதம், கடைசிக் கட்டத்தில் குறை.

பிளாஸ்டிக் நோட்டு என்றால் கெட்டுப்போகாது என்று நினைப்பார்கள். மடிப்பு ஒன்று போதும். அழுத்தி மடித்த இடத்தில் மை உதிர்ந்து ஒரு வெள்ளைக்கோடு விழும், அது போகவே போகாது. யார் கையிலும் புழங்காத, மடிப்பே காணாத நோட்டை யு.என்.சி. என்பார்கள். சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது அதற்குத்தான். எண்ணை முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாக வந்தால் விலை இன்னும் ஏறும். மடித்த நோட்டு, எந்த ஊர் நோட்டாக இருந்தாலும், கடையில் கொடுத்து சாக்லேட் வாங்கத்தான் லாயக்கு.

சூடும் ஆகாது. சூடு பட்டால் பிளாஸ்டிக் சுருங்கிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

அடையாள அட்டைக்குப் பின்னால்

நிவேதா எங்களுக்கு ஒரே பிள்ளை. ஊரின் மறுகோடியில், ஹடப்சரில் ஓர் ஐ.டி. கம்பெனியில் வேலை. சாங்வியிலிருந்து ஸ்கூட்டரில் போய்வருவதற்குள் பாதி உயிர் போய்விடும் என்பாள். அவள் தமிழ் மராத்தி கலந்த புனேத் தமிழ். பேசுவாள், வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள்.

கம்பெனி வேலையாக முதல் தடவை மலேசியா போய்விட்டு வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் கழுத்துப் பட்டையில் தொங்கிய அடையாள அட்டையின் உறைக்குள் விரலை விட்டாள். அட்டைக்குப் பின்னாலிருந்து, நாலாக மடித்த ஒரு ரிங்கிட்டை உருவினாள். நீல நிறம். பின்பக்கத்தில் வானத்தில் விடுகிற பட்டம் ஒன்று பெரிதாக அச்சிட்டிருந்தது.

"உங்க பிளாஸ்டிக்ப்பா. பர்ஸ்ல வச்சா செலவாயிடும்னு இங்க வச்சேன். டெய்லி கேட்ல கார்டைக் காட்டுறப்ப உங்க ஞாபகம் வரும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"மடிச்சுட்டியே" என்றேன்.

"அரே அப்பா, பிளாஸ்டிக்தானே, கிழியாதுல்ல. டென்ஷன் நகோ, கவலைப்படாதீங்க."

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் ஒன்று வந்தது. ஒவ்வொன்றும் அதே அட்டைக்குப் பின்னால், அதே மாதிரி நாலாக மடித்து. ஒவ்வொரு தடவையும் நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அதையே சொன்னேன். பதிவேட்டில் குறை என்ற கட்டத்தில் 'நாலாக மடித்தது, விலை இல்லை' என்று எழுதினேன். நல்ல நோட்டுகளோடு கலக்காமல், ஆல்பத்தின் கடைசித் தாள்களில் தனியாகச் சொருகினேன். வங்கியில் செல்லாத நோட்டைப் பிரித்துக் கட்டுவோமே, அப்படி.

பதினொன்றாவது ருமேனியாவிலிருந்து வந்தது. அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன்.

"உனக்கு எத்தனை தரம் சொல்லுதேன். அப்பாவுக்குக் கொடுக்கணும்னா ஒழுங்காக் கொண்டா. இல்லன்னா கொண்டாராத."

அவள் கழுத்துப் பட்டையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனாள். டென்ஷன் நகோ என்றுகூடச் சொல்லவில்லை.

பன்னிரண்டாவது சிங்கப்பூரின் இரண்டு டாலர். லேப்டாப் பைக்குள் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தாள். நாலு மூலையும் கத்தி மாதிரி இருந்தது. எண்ணைப் பார்த்தேன், முன்னும் பின்னும் ஒன்று. காசு மாற்றுகிற கடை ஏழெட்டு ஏறி, கட்டுக் கட்டாகப் புரட்டிப் பொறுக்கினாளாம்.

"குறை இருக்கா பாருங்கப்பா" என்றாள்.

வெளிச்சத்தில் பிடித்தேன். திருப்பினேன். ஒரு குறையும் இல்லை. அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானங்கள்

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. ஐந்தாவது நாள் போய்விட்டாள். இதற்கு மேல் அந்த ஐந்து நாட்களைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

கம்பெனியிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்து, லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் கூச்சத்தோடு கேட்டார்கள். கொடுத்தோம். அட்டையை மட்டும் உருவிக் கொடுத்துவிட்டு, காலி உறையையும் பட்டையையும் கோமதி கையிலேயே வைத்துக்கொண்டாள். அவர்களும் கேட்கவில்லை. அது இப்போது கதவுக்குப் பின்னால் சாவி மாட்டுகிற ஆணியில் தொங்குகிறது.

அதன் பிறகு கோமதி தினமும் சாப்பாடு முடிந்ததும் ஆல்பத்தின் கடைசித் தாள்களைத் திறந்து வைத்துக்கொள்வாள். நோட்டை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மடிப்பு விழுந்த கோட்டைக் கட்டைவிரலால் தடவுவாள். அழுகை கிடையாது, பேச்சும் கிடையாது. நாலு மணிக்கு உள்ளே சொருகிவிட்டு டீ போடப் போவாள். இரண்டு வருஷம் இப்படி.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. ஆல்பம் வீட்டைவிட்டுப் போனால் அவள் எழுந்து நடமாடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், எனக்குத்தான் அந்த மத்தியானங்களிலிருந்து தப்பிக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். கோமதியிடம் சொன்னபோது, "உங்க இஷ்டம்" என்றாள்.

எடைக்கு

ஜோக்லேகர் பழைய நோட்டு வியாபாரி. கண்காட்சிகளில் இருபது வருஷப் பழக்கம். என்னை அண்ணா என்பார், கோமதியை வஹினி, அதாவது அண்ணி என்பார். நல்ல மனுஷன். ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியும் சின்ன டார்ச்சுமாக உட்கார்ந்தார்.

பார்க்கத் தெரிந்தவர் பார்ப்பது ஓர் அழகு. நோட்டை ஓரத்தில் மட்டும் பிடிப்பார். சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் அதன்மேல் தண்ணீர் மாதிரி ஓடுகிறதா, எங்காவது தடுக்குகிறதா என்று பார்ப்பார். தடுக்கினால் அங்கே மடிப்பு. பிறகு மூலைகள், ஜன்னல், எண். வலது பக்கம் ஓர் அடுக்கு, இடது பக்கம் ஓர் அடுக்கு. என்னுடைய இருநூறில் பெரும்பாலும் வலது பக்கம் போயிற்று. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சிங்கப்பூர் நோட்டு வந்ததும் அவர் நிமிர்ந்தார். "இதை நான் இப்போதே எடுத்துக்கொள்கிறேன் அண்ணா. ஆள் இருக்கிறது" என்று இந்தியில் சொன்னார். நான் நினைத்திருந்த விலையைப் போல மூன்று மடங்கு சொன்னார். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். கெட்டியான உறைக்குள் போட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்புறம் கடைசித் தாள்களுக்கு வந்தார். மற்ற பதினொன்றையும் சீட்டுக் கட்டு போலப் புரட்டினார். டார்ச்சைக்கூடப் போடவில்லை.

"இதெல்லாம் தேறாது அண்ணா. மடிப்பு மட்டும் இல்லாமல் இருந்தால் யோசிக்கலாம். வேண்டுமானால் மொத்தமாக எடைக்குப் போடுகிற கட்டில் சேர்த்துக்கொள்கிறேன்."

கோமதி அப்போது டீயோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இந்தி என்னைவிட நன்றாக வரும். டீயை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த சனிக்கிழமை பணத்தோடு வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஜோக்லேகர் கிளம்பினார். நடுவில் ஆறு நாள் இருந்தது. புதன்கிழமைதான் நான் வெந்தயக்கீரை வாங்கப் போனேன்.

வேட்டிக்கு அடியில்

பதினொன்றும் சுருங்கிப் போயிருந்தன. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஓரமெல்லாம் நெளிந்து, தடித்து, நிறம் கறுத்திருந்தது. ருமேனியா நோட்டு வேட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை என்ன என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"இனிமே இதுக்கு ஒண்ணுமே தேறாதே" என்றேன்.

கோமதி இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். நிதானமாகத்தான் பேசினாள்.

"முன்னால மட்டும் என்ன தேறிச்சு? எடைக்கு எடுக்கேன்னுதானே அந்த மனுசன் சொன்னாரு. எம்புள்ள கொண்டாந்ததை எடைக்கா போடுவிய?"

"அதுக்காக?"

"மடிப்பு மட்டும் இல்லன்னா யோசிக்கலாம்னு சொன்னாருல்லா. ரெண்டு வருசமா விரலால தேச்சுத் தேச்சுப் பாக்கேன், போகவே மாட்டேங்குது. அதான் மொய் நோட்டுக்குப் போடுத மாதிரி போட்டேன். முதல்ல பெட்டிச் சூட்டைப் பட்டுக்கு வச்சேன், கோடு அப்படியே இருந்திச்சு. அப்புறம் பருத்திக்குத் திருப்பினேன்."

நான் கீரையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷமும் அவள் ஆசையாகத் தடவுகிறாள் என்று நினைத்தேன். மகள் கை பட்ட மடிப்பு என்று கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன். அவள் அதைப் போக்கப் பார்த்திருக்கிறாள். மகள் கொடுத்ததை நான் குறை சொன்னேனே, அந்தக் குறையை.

"மடிக்காமக் கொண்டாந்த ஒண்ணையும் வித்துட்டிய. மடிச்சதுக்கு விலை இல்லைங்கிய. அப்பம் அவ கொண்டாந்ததுல நமக்கு என்னதான் மிச்சம்?"

எழுந்து ஜோக்லேகருக்குப் போன் செய்தேன். சிங்கப்பூர் நோட்டைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், என்ன விலை சொன்னாலும் சரி என்றேன். கொடுத்தாகிவிட்டது, வாங்கியவர் வெளியூர், அவரும் அதை யாருக்கோ வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்றார். "முதலிலேயே மகளுடையது என்று சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றார்.

சொல்லியிருக்கலாம். எத்தனையோ சொல்லியிருக்கலாம். பதினொரு தடவை கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாளே, ஒரு தடவையாவது நோட்டை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில் வருவது எல்லாம் நோட்டுதான். ஜன்னல் வெளிச்சத்தில் குறுக்கும் நெடுக்குமாக அந்த இரண்டு வெள்ளைக்கோடுகள். இப்போது அந்தக் கோடுகளும் இல்லை.

சனிக்கிழமை ஜோக்லேகர் வந்தார், மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். வருத்தமாக இல்லை. ஒன்றுமே இல்லை.

அன்று சாயங்காலம் கோமதி கதவுக்குப் பின்னால் தொங்கிய காலி உறையை எடுத்து வந்தாள். சுருங்கிப்போன நோட்டுகளைப் போட்டு வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, அந்த நீல ரிங்கிட்டைத் தேடி எடுத்தாள். நெளிந்த ஓரத்தை விரலால் நீவிவிட்டு உறைக்குள் விட்டாள். தடங்கல் இல்லாமல் இறங்கியது. மூலைக்கு மூலை சரியாக உட்கார்ந்தது.

"பாருங்க" என்று என்னிடம் நீட்டினாள். "மடிக்காம வச்சிருக்கா."

நான் கையை நீட்டவில்லை.

"வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. குறை இருக்கா?"

வாங்கிக்கொண்டேன். பழக்கம், உடம்பு தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. பட்டம் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஆகியிருந்தது. மடிப்பு எங்கேயும் இல்லை.

"நல்லாருக்கு" என்றேன். நிவேதா கொண்டுவந்த எதைப் பற்றியும் அதுவரை நான் அதைச் சொன்னதில்லை.